கண் மூடுகிறது என்று சொன்னேன்

என் அம்மாவின் வலது கண்ணில் பார்வை போனதற்கு நான்தான் காரணம்.

அறுவை செய்த மருத்துவர் அல்ல. விதி அல்ல. உறவினர்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதுபோல் அம்மாவின் அழகு ஆசையும் அல்ல. நான். அவர் பெற்ற ஒரே மகள்.

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அறிந்தவர்கள் யாரிடமும் இதைச் சொல்லக் கூடாதென்று எனக்குத் தடை போடப்பட்டிருக்கிறது. போட்டவர் யார் என்று சொல்லும் இடம் வரும். அதுவரை கேளுங்கள்... கேட்டபின் என்னை வெறுத்தால் அதிலும் தவறில்லை.

திருப்பூர் மண்ணரையில் எங்களுக்கு வீட்டோடு சேர்ந்தே ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஆர்டர் பிடிப்பது, துணி வாங்குவது, சரக்கு அனுப்புவது அப்பாவின் வேலை. உள்ளே நடப்பதெல்லாம் அம்மாவின் பொறுப்பு. அம்மாவின் பெயர் ருக்மணி. தைத்து வந்த உருப்படிகளில் ஓட்டையா, கறையா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் செக்கிங் மேசையில், ஷகிலா அக்காவோடும் மற்ற பெண்களோடும் அவரும் உட்காருவார். முதலாளியம்மா என்று தனி நாற்காலி எதுவும் கிடையாது.

எனக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செவ்வாய் தோஷம் என்றார்கள். பேசி முடித்த வரன் ஒன்று கடைசி நேரத்தில் விலகியது. இன்னொன்று வெற்றிலை பாக்கு வரை வந்து நின்றுபோனது. முப்பது வயது தாண்டிய பெண்ணை எங்கள் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் குன்னத்தூர்ப் பக்கமிருந்து நவீனின் வீட்டார் வந்தார்கள். நல்ல குடும்பம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதுவும் கைநழுவினால் நான் செத்தேன் என்று நினைத்தேன்.

நிச்சயத்தன்று நவீன் வீட்டுப் பெண்மணி ஒருவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், “ஏனுங்க, நீங்க பொண்ணோட அப்பாயிங்களா?”

“பாட்டி இல்லீங்க, அம்மாங்க” என்று அம்மா சிரித்தார்.

அதற்கு முந்தைய வருடம் அம்மா நோயில் விழுந்து எழுந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. கன்னத்துச் சதை தளர்ந்து தாடையில் தொங்கியது. அப்பாவின் பக்கத்தில் நின்றால் அக்கா என்று சொல்லும்படி இருந்தார். அது அம்மாவுக்கு வலித்ததா? தெரியவில்லை. கேட்டுவிட்டு, சிரித்துவிட்டு, பந்தியில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கப் போய்விட்டார். வலித்தது எனக்கு. அந்த வலியை அம்மாவின் வலி என்று எனக்கு நானே பெயர் மாற்றிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்தவள் நான். முகத்தை இழுத்துக் கட்டும் அறுவை சிகிச்சை. முன், பின் என்று இரண்டு படங்களாகப் போட்டிருந்தார்கள். அவற்றை அம்மாவிடம் காட்டியவளும் நான்.

“எனக்கெதுக்கு கண்ணு இதெல்லாம்? பனியனைப் பாக்கறதுக்கு மூஞ்சியா வேணும்?”

“கல்யாண ஆல்பம் காலத்துக்கும் இருக்குமுங்கம்மா.”

“இருந்துட்டுப் போகட்டும். எப்புடி இருந்தாலும் நான்தானே உன்ற அம்மா.”

நான் அழுதேன். அழுதால் அம்மா தாங்கமாட்டார் என்று தெரிந்தே அழுதேன். ஒரு மாதிரியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “சரி சாமி, அழுகாதே. போலாம்” என்றார்.

கல்யாணத் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து, வாங்கிக்கொண்டு வர நாளாகும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கிளினிக்கில் மருத்துவர் எல்லாவற்றையும் விளக்கினார். முக நரம்பு காதுக்கு முன்னால் கிளைகிளையாகப் பிரிந்து ஓடுகிறது, அரிதாக அதில் அடிபடலாம், அடிபட்டால் அந்தப் பக்கம் அசைவு குறையும் என்றார். பாதி ஆங்கிலத்தில் பேசினார். “என்னங் கண்ணு சொல்றாரு?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“எல்லாருக்கும் சொல்றதுதானுங்கம்மா” என்றேன்.

அறுவைக்கு மறுநாள், கட்டை மாற்றும்போது மருத்துவர் கண்களை மூடச் சொன்னார். இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. இமை அப்படியே நின்றது. உள்ளே விழி மட்டும் மேலே உருண்டு போய், வெள்ளை தெரிந்தது. அம்மா மூடிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். “மூடிட்டனுங்க” என்றார் மருத்துவரிடம்.

மரத்துப்போவதற்குப் போட்ட மருந்தாலும் வீக்கத்தாலும் சில நாள் அப்படி இருக்கலாம் என்றார் மருத்துவர். சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தார். தூங்கும்போது இமையை ஒட்டுப்போட்டு மூடிவையுங்கள், முகத்தை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அப்பாவிடம் மறைக்க வழியில்லை. காதோரம் தையல், ஒரு பக்கம் இழுத்த வாய், மூடாத கண். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

“நாந்தானுங்க ஆசைப்பட்டேன். புள்ளை வேண்டாம்னுதான் சொன்னா. நாந்தான் கேக்கலை.”

அப்பா காதோரத் தையலைக் குனிந்து பார்த்தார். பிறகு, “இந்த வயசுல உனக்கு எதுக்கு மினுக்கு?” என்றார். அதற்குப்பின் பல நாள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம் அல்லவா? ‘அப்பா, நான்தான் கூட்டிப்போனேன்’ என்று... மூன்று சொற்கள். சொல்லவில்லை. அம்மா என் தவறைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். நான் போட்டுக்கொள்ள விட்டேன். ஆனால் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தது இதையல்ல. இது அதற்கு முந்தைய படி.

மூலனூரில் அம்மாவின் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஒரு வீட்டுக்குள் போனார்கள். கல்யாணப் பெண் எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்க வேண்டாம் என்று என்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, முந்தானையால் வாயை மறைத்திருந்த அம்மாவை உள்ளே யாரோ விசாரிப்பதும், “மெட்ராஸ் ஐங்க, பக்கத்துல வராதீங்க” என்று அம்மா சொல்வதும் ஜன்னல் வழியாகக் கேட்டது. அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அப்போது மருத்துவர் அழைத்தார்.

“வீடியோ பார்த்தேம்மா. இது வீக்கத்தால வந்ததா எனக்குத் தோணலை. நரம்பு அறுந்திருக்கலாம். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. திறந்து பார்த்துச் சேர்க்கணும்னா இப்பவே செய்யணும். தள்ளிப்போட்டா அறுந்த முனையைத் தேடறதே கஷ்டம்.”

“திரும்ப ஆபரேசனுங்களா டாக்டர்? கல்யாணம் இருக்குதுங்களே.”

“கண்ணு மூடலைன்னா கருவிழி காய்ஞ்சு புண்ணாயிடும். கல்யாணத்தைவிட இது முக்கியம். அம்மாகிட்ட போனைக் குடுங்க, நானே சொல்றேன்.”

“அம்மா பக்கத்துல இல்லீங்க. நான் சொல்லீர்றனுங்க.”

அம்மா வெளியே வந்தார். முந்தானையால் அந்தக் கண்ணை ஒற்றிக்கொண்டே காரில் ஏறினார். “யாரு கண்ணு போன்ல?”

“டாக்டருங்கம்மா.”

“என்ன சொல்றாரு?”

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது? ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் மனத்தில் எல்லாம் ஓடியது. மீண்டும் அறுவை, மீண்டும் கட்டு, பத்திரிகை வைக்க அம்மா இல்லை, நவீன் வீட்டில் கேள்வி, பெண்ணின் அம்மாவுக்கு வாதம் வந்துவிட்டதாம் என்ற பேச்சு, அது பரம்பரையா என்ற சந்தேகம், தேதியை ஒத்திவைக்கலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்பது... ஒத்திவைத்த கல்யாணம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

“வீக்கம் வடிஞ்சாச் சரியாயிருமாமுங்கம்மா” என்றேன்.

“அப்பாடா” என்று அம்மா சாய்ந்துகொண்டார். “நான் பயந்தே போயிட்டேன் சாமி.”

முன் இருக்கையில் அமர்ந்த அப்பாவிடமும் அதைச் சொன்னார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

மறுநாள் மருத்துவர் மறுபடி அழைத்தார். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார். நான் மொட்டைமாடிக்குப் போய் நின்று பேசினேன்.

“இன்னிக்குப் பரவாயில்லீங்க டாக்டர். கண்ணு மூடுதுங்க.”

“முழுசாவா?”

“முழுசா மூடுதுங்க.”

“நல்லது. எதுக்கும் ஒருதடவை வந்து காட்டிடுங்க” என்றார். சரி என்றேன். அதன்பின் அவர் அழைத்ததாக நினைவில்லை. அழைத்திருந்தாலும் நான் எடுத்திருக்கமாட்டேன்.

இதுதான் நான் செய்தது. கீழே, செக்கிங் மேசையில், மூடாத கண்ணோடு அம்மா உட்கார்ந்திருந்தார். மேலே நின்றுகொண்டு நான் அந்தக் கண் மூடுகிறது என்று சொன்னேன்.

கல்யாணம் முடியட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போய்ச் சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இப்படி நினைத்தேன் என்பது ஒரு சமாதானமா? நரம்புக்குத் தெரியுமா என் முகூர்த்தம்?

அதுவரை சொட்டு மருந்து போடுவதும் களிம்பு வைப்பதும் நான்தான். கல்யாணத்தன்று யாரும் போடவில்லை. மணப்பெண்ணுக்கு ஏது நேரம்? அம்மாவுக்கு யாரிடமும் கேட்கக் கூச்சம். மண்டபத்தில் ஓமப்புகை, மேலே மின்விசிறி, முகத்துக்கு நேரே வீடியோக்காரரின் விளக்கு. கறுப்புக் கண்ணாடியோடு அம்மா மணமேடையில் நின்றார்.

குடும்பப் படம் எடுக்கும்போது நான் சொன்னேன், “ஒரே ஒரு போட்டோவுக்குங்கம்மா... கண்ணாடியைக் கழட்டுங்க.”

கழற்றினார். ஒரு படம் பல படங்களாயிற்று. விளக்கைப் பார்த்தபடி, பாதி முகத்தால் சிரித்துக்கொண்டு நின்றார். வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பெண்ணைப் பிரியும் துக்கம் என்று பக்கத்தில் நின்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். “ஆமாங்க” என்று அம்மா தலையாட்டினார்.

அந்தப் படங்களுக்காகத்தானே இவ்வளவும்! அந்த ஆல்பத்தை நான் இதுவரை பிரிக்கவில்லை.

மறுவீடு, விருந்து, பிறகு நானும் நவீனும் வெளியூர்ப் பயணம். போனில் அம்மா, “மண்ணு விழுந்தாப்புல உறுத்துது கண்ணு, வேறொண்ணுமில்ல. நீ சந்தோசமா இருந்துட்டு வா” என்றார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

வலி தாங்காமல் அம்மா மேசைமீது தலை சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஷகிலா அக்காதான் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது அம்மாவின் கருவிழியில் வெள்ளையாக ஒரு புண். காய்ந்து காய்ந்து, கிருமி புகுந்துவிட்டது என்றார்கள். அந்தப் புண்ணை ஆற்றவே மாதங்கள் போயின. ஆறியபின் அந்த இடம் வெள்ளைத் தழும்பாக நின்றது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். கை அசைந்தால் நிழல் தெரியும். அவ்வளவுதான்.

நரம்பு பார்க்கும் மருத்துவர் ஒருவரிடமும் போனோம். அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பப் போகாமல் அவரிடம் போகலாம் என்று சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அவர் காதோரத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “உடனே வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப தழும்புக்குள்ள தேடணும். தேடினாலும் பெருசா அசைவு வராது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, “அப்பவே வந்திருந்தாலும் முழுசாச் சரியாகியிருக்கும்னு யாரும் சொல்ல முடியாதும்மா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். கை வழுக்கிவிடுகிறது. சரியாகியிருக்காமல் போயிருக்கலாம். ஆனால் யாரும் முயன்றே பார்க்கவில்லையே... முயலவிடாமல் செய்தவள் நானல்லவா?

மேலிமை கனத்தில் இறங்கட்டும் என்று அதற்குள் ஒரு சிறு தங்கத் தகட்டை வைத்தார்கள். கண்ணின் ஓரத்தில் மேலிமையையும் கீழிமையையும் கொஞ்சம் சேர்த்துத் தைத்தார்கள். மிச்சமிருக்கும் கண் கெடாமல் இருக்க வேண்டும் அல்லவா. அம்மா மறுபடி செக்கிங் மேசையில் உட்கார்ந்து பார்த்தார். ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் உற்றுப் பார்த்தால் தலைவலி வருகிறது என்று எழுந்துவிட்டார். இப்போது கணக்காகப் பிரித்துவைத்த உருப்படிகளைப் பையில் போடுகிறார்.

விசேஷ வீடுகளில் யாராவது அம்மாவிடம் கேட்பார்கள். எதுக்குங்க இந்த வயசுல போய் இப்படி... என்று இழுப்பார்கள். “ஆசைதானுங்க, வேறென்ன” என்பார் அம்மா. நான் பக்கத்தில் நிற்பேன். எனக்குப் பசிக்கும், சாப்பிடுவேன். மனிதர்கள் எப்படியெல்லாம் உயிரோடு இருந்துவிட முடிகிறது...

இத்தனையோடு நான் கடைசிவரை இருந்திருப்பேன். அப்பாதான் இருக்கவிடவில்லை.

சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். அறுவை செய்த மருத்துவர்மேல் வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். “வீக்கம் வடிஞ்சாச் சரியாயிரும்னு இவகிட்ட போன்லயே சொல்லியிருக்கறான். அதை நம்பித்தானே நாம சும்மா இருந்தோம்? இவ வந்து கோர்ட்டுல சொல்லட்டும்” என்றார்.

நாளைக்கே கூட்டிட்டு வாங்க என்று எங்களைக் கூப்பிட்ட ஒரே மனிதர் அந்த மருத்துவர். அவர்மேல் நான் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டும். அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி எதுவும் இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். கம்பெனி விடுமுறை. அப்பா வெளியே போயிருந்தார். மிஷின்கள் ஓடாததால் வீடு முழுக்க ஒரே அமைதி. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, சொட்டு மருந்து போடக் கையைத் தூக்கினேன். போட முடியவில்லை. கையில் மருந்துப் புட்டியோடு அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். மூலனூரில் வந்த அழைப்பு, மொட்டைமாடியில் சொன்ன பொய், எல்லாம்.

அம்மா தலையைச் சாய்த்தபடியே கேட்டார். இடது கண் மூடியிருந்தது. வலது கண் என்னைப் பார்ப்பதுபோல் திறந்திருந்தது. அந்தக் கண்ணுக்கு நான் வெறும் நிழல்தான்.

முடித்தேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கே நீ என்ற கிட்டச் சொல்லியிருந்தாலும், கல்யாணம் முடியட்டும்னுதான் நானும் சொல்லியிருப்பேன்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் ஏதோ அவிழ்ந்ததுபோல் இருந்தது. மடியில் விழுந்து அழலாம் என்று குனிந்தேன்.

“ஆனா அதை நான் சொல்லியிருக்கோணும்” என்றார் அம்மா. “அது என்ற கண்ணு.”

குனிந்தவள் அப்படியே நின்றேன். அம்மா என் கையிலிருந்த மருந்துப் புட்டியை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் வெகுநேரம் கழித்து, “உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாதே. அவரு தாங்கமாட்டாரு. உன்ற ஊட்டுக்காரர்கிட்டயும் வேண்டாம், நாளைக்கு ஒரு பேச்சு வரும். யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். அன்றே அப்பாவிடம், வழக்கெல்லாம் வேண்டாம், என் ஆசைக்கு இன்னொருத்தரை எதுக்குக் குற்றம் சொல்வது என்று பிடிவாதமாகப் பேசி நிறுத்திவிட்டார். அப்பாவுக்குக் கோபம். “உன்ற ஆசைதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு” என்று கத்தினார். பக்கத்து அறையில் நின்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

தடை போட்டவர் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். அதை நான் மீறுகிறேன். உங்களிடம்.

அம்மா என்னிடம் பேசுகிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். நவீனுக்குப் பிடிக்குமென்று கொள்ளுப்பருப்பு செய்து கொடுத்தனுப்புகிறார். அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. என்னவென்று கேட்பது? எதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்பது?

போன வாரம் போயிருந்தேன். அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே மருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒற்றைக் கண்ணால் இடம் பிடிபடவில்லை. சொட்டு கன்னத்தில் விழுந்து வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி முயன்றார். அதுவும் வழிந்தது.

“நான் போடட்டுங்களாம்மா?”

“வேண்டாம். ஷகிலா வருவா.”

புட்டியை மூடி வைத்துவிட்டு, கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஷகிலா அக்கா வரும்வரை நாங்கள் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.